வால்பாறை டீமுக்கு மறுபடியும் கோச் ஆனேன்: காலேஜ் ஹூப்ஸ் 2கே8

அமெரிக்கால இண்டியானாவுல வால்பரைசோன்னு ஒரு யுனிவர்சிட்டி இருக்கு, எங்க செட்டுல அதுக்கு பேரு வால்பாறை. 2008ல மன்னார்குடில ஒரு மாடி ரூம்ல மணிக்கு இருவது ரூவா வாங்கிக்கிட்டு ப்ளேஸ்டேஷன் 2 ஆட விடுவாங்க, அங்க ஒரு பாஸ்கெட்பால் கேம்ல டீம் லிஸ்ட்ட உருட்டிக்கிட்டே வந்தப்ப ஒட்டகம்தான் (எங்க பாஸ்கெட்பால் டீம்ல சென்டர், அதாவது ரிங்குகிட்ட நிக்கிற ஒசரமான ஆளு, ஆறடி ரெண்டு அங்குலம், நடையும் அப்படித்தான் இருக்கும்) "டேய் டேய் நிறுத்து, வால்பாறைடா, இதயே எடு"ன்னான். முந்நூறு டீமுக்கு மேல இருக்குற கேம்ல நாங்க டீம் எடுத்த லட்சணம் இது.

கேம் பேரு காலேஜ் ஹூப்ஸ் 2கே8. 2கே ஸ்போர்ட்ஸ் 2007 நவம்பர்ல விட்டது, அட்டைல ஒஹையோ ஸ்டேட் காலேஜ்ல ஆடுன கிரெக் ஓடன் நிப்பாரு. இது சம்பளம் வாங்கிக்கிட்டு ஆடுற என்பிஏ லீக் கேம் இல்ல, அமெரிக்க காலேஜ் பசங்க ஆடுற பாஸ்கெட்பால். அந்த ரூம்ல மத்தவனெல்லாம் சான் ஆண்ட்ரியாஸ்ங்குற கேம்ல கார் திருடிக்கிட்டு இருப்பான், நாங்க நாலஞ்சு பேரு மட்டும் இத போடச்சொல்லி நிப்போம், ரூம்காரண்ணன் "என்னாங்கடா, பந்த கூடைல போடுறதுக்கு காசு குடுக்குறீங்க, அத கிரவுண்டுல ஓசிலயே போடலாமே"ம்பாரு. அதயும் போட்டுக்கிட்டுதான் இருந்தோம். பக்கத்துல வடுவூரு கபடிக்கு பேர் போன ஊரு, எங்க பக்கம் பய கொஞ்சம் வாட்டசாட்டமா வளந்தான்னா கபடிக்கு இழுத்துட்டு போயிருவாங்க, அதுல தப்பிச்சு வந்தவங்க நாங்க. சிமெண்டு கோர்ட்டு, வலை இல்லாத ரிங்கு, மழை பெஞ்சா ஒரு வாரத்துக்கு பாசி வழுக்கும்.

ரூம்ல இருந்தது மார்க்கர்ல பேர் எழுதுன காப்பி சிடி. அப்பறம் 2010ல நியூஜெர்சி அத்தான் லீவுக்கு வந்தப்ப ஒரிஜினல் சிடி கொண்டாந்து குடுத்தாரு, நானும் செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஸ்லிம் ப்ளேஸ்டேஷன் வாங்குனேன், வீட்டுலயே கடை தொறந்தாச்சு. 2018 கஜால ஓடு பறந்து பரண்ல இருந்த பாதி சாமான் ஊறிப்போச்சு, இது மட்டும் ப்ளாஸ்டிக் சாக்குல சுத்தி இருந்ததால பொழச்சுது. அதுக்கப்பறம் அத நான் தொடவே இல்ல. போன ஐப்பசில விடாம அடமழை, வயலுக்கும் போக முடியல எங்கயும் போக முடியல, சரி எடுத்து பாப்போம்னு எடுத்தேன்.

ஒடனே ஓடிருச்சுன்னு நெனச்சீங்களா. மொத லென்ஸ் போயிருந்துச்சு, சிடிய உள்ள போட்டா கிர்ரு கிர்ருங்குது படிக்க மாட்டேங்குது, அத மாத்த ஒரு வாரம். அப்பறம் புது டிவில மஞ்சா செவப்பு வெள்ள ஒயர் சொருவ எடமே இல்ல. கடைசில எங்க அப்பாயி ரூம்ல மூலைல கெடந்த கவர்மெண்டு இலவச டிவி, அந்த பதினாலு இஞ்சு கலர் டிவி, அதுலதான் போட்டேன், அது பாட்டுக்கு ஜம்முன்னு வேலை செய்யுது. ஸ்கோர் எழுத்து படிக்கத்தான் கிட்டக்க போயி ஒக்காரணும், அப்பயும் அப்படித்தான் ஒக்காந்தோம். இவ்வளவு சிரமம் வேண்டாங்குறவங்க கம்ப்யூட்டர்ல பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டர்ல (ப்ளேஸ்டேஷன் மாதிரியே நடிக்கிற சாஃப்ட்வேர்) ஓட்டலாம், படமும் பளிச்சுன்னு வரும், ஆனா பளிச்சுன்னு பாத்தா எல்லா பசங்களுக்கும் ஒரே மூஞ்சின்னு தெரிஞ்சுரும். சின்ன டிவி மேல்.

சரி கேம் எப்படி இருக்கு. மொத ரெண்டு மேட்ச்ல கை ஒத்துழைக்கல, எல்லாம் மெதுவா நடக்குது, ஓடுறவன் திரும்ப நெனச்சா லாரி ரிவர்ஸ் எடுக்குற மாதிரி திரும்புறான், ரிங்குல பட்டு வர்ற பந்துக்கு நாம அமுக்குற பட்டனுக்கும் அவன் குதிக்கிறதுக்கும் ஒரு யுகம் ஆவுது. மெனுவுக்கு மெனு போக காத்திருக்கணும். இப்ப வர்ற கேம ஆடி பழகுன எங்க அக்கா பையன் அஞ்சு நிமிஷம் பாத்துட்டு "மாமா இது ஹேங் ஆவுதா"ன்னு கேட்டுட்டு போயிட்டான். அவன சொல்லி குத்தமில்ல.

மூணாவது மேட்ச்லதான் எனக்கு பழைய கணக்கு ஞாபகம் வந்துச்சு. நம்ம ஊரு டோர்னமெண்டுல பத்து பத்து நிமிஷமா நாலு குவார்ட்டர், 24 செகண்டுக்குள்ள ஷாட் போட்டாவணும். இதுல அப்படி இல்ல, இருவது இருவது நிமிஷமா ரெண்டு பாதி, ஷாட் கிளாக்கு 35 செகண்டு (இப்ப அமெரிக்கால அத 30 ஆக்கிட்டாங்க, 2015லேருந்து). இந்த 35 செகண்டுதான் எங்க வால்பாறைய வாழ வச்சுது. எதிர் டீம் நம்மளவிட ஒசரம், வேகம் எல்லாம் ஜாஸ்தின்னா, பந்த கைல வச்சுக்கிட்டு சுத்தி சுத்தி பாஸ் பண்ணி முப்பது செகண்டு ஓட்டிட்டு அப்பறம் ஷாட் போடணும், அப்படி பண்ணா மேட்ச்ல மொத்தத்துக்கே ரெண்டு பக்கமும் பந்து கைக்கு வர்றது கொறயும், கொறஞ்சா பெரிய டீமுக்கு அவன் பெரியவன்னு காட்ட சான்ஸும் கொறயும், தூரத்துலேருந்து போடுற மூணு பாயிண்டு ஷாட்டு நாலு நமக்கு விழுந்துருச்சுன்னா அவன் கதை முடிஞ்சுது. இப்படி பொறுமையா வைக்கப்போர் சுத்துற மாதிரி ஆடி பட்லர் யுனிவர்சிட்டி டீம அடிச்சோம் பாருங்க, அப்ப ரெண்டு டீமும் ஒரே லீக்கு, ஹொரைசன் லீக்கு, அன்னிக்கு ரூம்ல இருந்த சான் ஆண்ட்ரியாஸ் பார்ட்டியெல்லாம் எந்திரிச்சு வந்து பாத்தான்.

அப்பறம் அந்த மூணு பாயிண்டு கோடு. அப்ப நம்ம கோர்ட்டுல அது 6.25 மீட்டர், அமெரிக்க காலேஜ்ல 19 அடி 9 அங்குலம், அதாவது 6.02 மீட்டர். ஃபவுல்லயும் வேற கணக்கு, ஒரு பாதில எதிர் டீமோட ஏழாவது ஃபவுல்லேருந்து மொத ஃப்ரீ த்ரோ (யாரும் மறிக்காம நின்னு போடுற ஷாட்டு) போட்டாதான் ரெண்டாவது கெடைக்கும், பத்தாவதுலேருந்துதான் ரெண்டும் நிச்சயம். இது புரியாம ஒரு மாசம் கேம்ல ஏதோ கோளாறுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம்.

இந்த கேம்ல இன்னிக்கும் ஒருத்தனும் கிட்ட வர முடியாத ஒரு விஷயம்னா சத்தம். காலேஜ் பசங்க கூட்டம், பித்தளை வாத்தியம் பேண்டு, எதிர் டீம்காரன் ஃப்ரீ த்ரோவுக்கு நிக்கும்போது ரிங்குக்கு பின்னாடி நின்னு கைய ஆட்டி கத்துறது. நம்ம நல்லா ஆட ஆட அந்த சத்தம் ஏறும், வெளியூர்ல போயி ஆடுனா அதே சத்தம் நம்ம தலைல எறங்கும். திருவிழா டோர்னமெண்டு ஃபைனல்ல ட்யூப்லைட் வெளிச்சத்துல கோட்ட ஒட்டி ஊரே ஒக்காந்து விசில் அடிக்கும்போது வெளியூர் டீமா போயி ஆடிருந்தீங்கன்னா உங்களுக்கு இது புரியும். என்பிஏ கேம்ல கூட்டம் சும்மா டிக்கெட் வாங்கி வந்தவன் மாதிரி ஒக்காந்துருக்கும், இதுல கூட்டமும் ஆடும்.

இப்ப முக்கியமான சங்கதிக்கு வர்றேன். இந்த கேம்ல பசங்களுக்கு பேரே கெடையாது. காலேஜ் நெசம், ஜெர்சி நெசம், ஒசரம் நெசம், நம்பரும் நெசம், பேர் இருக்க வேண்டிய எடத்துல மட்டும் பொசிஷனும் நம்பரும். அப்ப நாங்க இத பத்தி யோசிக்கவே இல்ல, ஏதோ கேம் பண்ணவன் சோம்பேறின்னு நெனச்சுக்கிட்டு எடிட் பண்ணி எங்க பேர போட்டுக்கிட்டோம். சென்டரு ஒட்டகம், பாயிண்ட் கார்டு (பந்த கொண்டு போயி ஆட்டத்த நடத்துறவன்) குட்டை, நான் ஷூட்டிங் கார்டு, மீதி ரெண்டுக்கு பாய், மாப்ள. எங்க கோர்ட்டு ஓரத்துல டீக்கடை போட்டுருந்தவருக்குக்கூட பெஞ்சுல ஒரு எடம் குடுத்தோம். கமென்டரில நம்ம பேரு வராது, அது வராட்டி என்ன, நாங்களே கத்திப்போம்.

பேர் இல்லாததுக்கு காரணம் ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது. காலேஜ் வெளையாட்டு அமெச்சூர், அதனால பசங்க தன் பேருக்கோ மூஞ்சிக்கோ காசு வாங்கக்கூடாதுன்னு அங்க அப்ப ரூல். அதனால பேர தூக்கிட்டு மத்ததெல்லாம் வச்சு வித்தாங்க. இதுல எட் ஓபேனன்னு ஒருத்தரு, 1995ல யுசிஎல்ஏங்குற கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி சாம்பியன் ஆனப்ப அந்த டீம்ல இருந்தவரு, ஈஏங்குற இன்னொரு கேம் கம்பெனியோட காலேஜ் கேம்ல தன் நம்பரோட தன்ன மாதிரியே ஒரு ஆளு ஆடுறத பாத்துருக்காரு, பேர் மட்டும் இல்ல. 2009ல அந்த ரூல் போட்ட சங்கத்து மேலயும் இவங்க மேலயும் கேஸ் போட்டாரு. 2014ல தீர்ப்பு அவரு பக்கம் வந்துச்சு, ஈஏவும் காலேஜுங்களுக்காக லைசென்ஸ் குடுக்குற கம்பெனியும் தனியா 4 கோடி டாலருக்கு சமாதானம் பேசிட்டாங்க. 2கே அதுக்கு முன்னாடியே, 2008லயே, காலேஜ் கேம் பக்கம் தலை வச்சு படுக்குறத விட்டுட்டாங்க, ஈஏ கடைசியா விட்டது 2009ல. அதோட காலேஜ் பாஸ்கெட்பால் கேமே இல்லாம போச்சு. 2021லதான் பசங்க தன் பேருக்கு காசு வாங்கிக்கலாம்னு ஆச்சு, 2024ல ஈஏ காலேஜ் அமெரிக்கன் ஃபுட்பால் கேம் விட்டப்ப சேந்த பசங்களுக்கு ஆளுக்கு 600 டாலரும் ஒரு கேமும் குடுத்தாங்க. பாஸ்கெட்பாலும் திரும்ப வரும்னு 2025ல சொல்லிருக்காங்க. வரட்டும் பாப்போம்.

இது தெரிஞ்சப்பறம் ஆடும்போது ஒரு மாதிரிதான் இருக்கு, பொய் சொல்லல. இந்த தடவ மொத வேலையா டேவிட்சன் டீம தொறந்து பாத்தேன். 30ஆம் நம்பர் ஜெர்சி, கார்டு பொசிஷன், நோஞ்சான் மாதிரி ஒருத்தன். ஸ்டீஃபன் கறி, பின்னாடி என்பிஏல பெரிய ஸ்டார் ஆனவரு! கேம் வந்து நாலு மாசத்துல, 2008 மார்ச்ல, கோன்சாகா, ஜார்ஜ்டவுன், விஸ்கான்சின்னு மூணு பெரிய டீம வரிசையா சாச்சுட்டு, கான்சஸ்கிட்ட 59க்கு 57ன்னு ரெண்டே பாயிண்டுல போன பையன், அந்த கான்சஸ்தான் அந்த வருஷம் கப்பும் அடிச்சுது. நாங்க அந்த டேவிட்சனோட எத்தனையோ தடவ ஆடிருக்கோம், 30ஆம் நம்பர் யாருன்னு ஒருத்தனும் கேக்கல. குட்டைதான் அவன மார்க் பண்ணுவான், இப்ப போன் பண்ணி சொன்னா நம்ப மாட்டேங்குறான்.

கோச் மோடு (கேம்ல அதுக்கு பேரு லெகசி) பத்தி சொல்லாம விட்டா பாவம். ஒரு காலேஜ எடுத்து வருஷ கணக்கா ஓட்டலாம், ஸ்கூல் பசங்கள தேடி புடிக்கணும், போன் போடணும், காலேஜுக்கு கூப்பிட்டு காட்டணும், கைல இருக்குறது 13 ஸ்காலர்ஷிப்புதான், நல்ல பையன் பெரும்பாலும் பெரிய காலேஜுக்குத்தான் போவான், நமக்கு மிச்சம் மீதி. ஆனா அந்த மிச்சத்துலேருந்து ஒருத்தன் ரெண்டு வருஷத்துல தேறி வருவான் பாருங்க, அந்த சந்தோஷம் காசு குடுத்து ஆள வாங்குற கேம்ல வராது. நாலு வருஷம் ஆச்சுன்னா அவனும் கெளம்பிருவான், நீங்க எத்தன ஆசையா வளத்தாலும் சரி.

ஆட்டோ சேவ் எல்லாம் அப்ப ஏது. மேட்ச் முடிஞ்சா நாமதான் மெமரி கார்டுல சேவ் பண்ணணும், அது மெதுவா ஓடும், அந்த நேரம் பாத்து கரண்ட் போச்சுன்னா அவ்வளவுதான். 2012ல எங்க பக்கம் ஒரு நாளைக்கு பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் கட்டு, ஒரு மணி நேரம் வரும் ஒரு மணி நேரம் போவும், அந்த டைம்டேபிள் பாத்துதான் வால்பாறைக்கு மேட்ச் போடுவோம். ஒரு தடவ செமி ஃபைனல் ஜெயிச்சு சேவ் ஓடிக்கிட்டு இருக்கும்போது புட்டுக்குச்சு, முழு சீசன் காலி. பாய் அன்னிக்கு ரெண்டு வேளை சாப்பிடல.

மெமரி கார்டு இன்னும் உசுரோட இருக்கு, கடைசி சேவ் தொறந்துச்சு. வால்பாறை ஏழாவது சீசன்ல நிக்கிது. டீம பாத்தா ஒருத்தன தெரியல, எல்லாம் கேமே பேர் வச்சு குடுத்த பசங்க. எங்க அஞ்சு பேரும் எப்பவோ படிப்ப முடிச்சு போயாச்சு. நான் மட்டும் கோச்சா இருக்கேன், ஊர்லயும் நான் மட்டும்தான், மத்தவன் திருப்பூரு, சென்னை, துபாய்னு ஆயிட்டான்.

வாங்கலாமா? பாஸ்கெட்பால் ஆடுன ஆளா இருந்தா, பொறுமை இருந்தா, கண்டிப்பா. பழைய ஒரிஜினல் சிடி ஆன்லைன்ல கெடைக்குது, ஆனா அமெரிக்க சிடின்னா நம்ம ஊரு மெஷின்ல நேரா ஓடாது, வெளிநாட்டு சிடியயும் ஓட வைக்கிற சிப் போட்டதா இருக்கணும், இத கேட்டுட்டு காச போடுங்க. பாஸ்கெட்பால் தெரியாதவங்களுக்கு இது ஒத்து வராது, அக்கா பையன் சொன்னததான் சொல்லுவீங்க.

ஒட்டகம் சிங்கப்பூர்ல இருக்கான். ராத்திரி போட்டோ அனுப்புனேன், ஒடனே போன் பண்ணிட்டான், நா டீம்ல இருக்கேனாடான்னான். இல்லடா நீ போயி மூணு வருஷம் ஆச்சுன்னேன். செத்த நேரம் ஒண்ணும் பேசல, அப்பறம் "சரி புதுசா லெகசி ஆரம்பி, என்ன ஃபர்ஸ்ட் இயர்ல போடு, ஹைட்டு மட்டும் ஆறடி ஆறு போட்டுரு"ன்னான். ஆறடி மூணு போட்டுருக்கேன், அதுவே ஒரு அங்குலம் ஜாஸ்தி.