குடையா, சமதளமா? கொத்தமல்லியும் மயில்கொன்றையும்

மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பூக்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் விரிந்த கொத்து. தாவரவியல் தேர்வில் மதிப்பெண் போவதும் இங்கேதான். ஒன்று அம்பெல், அதாவது குடை மஞ்சரி (மஞ்சரி என்றால் பூக்கொத்து). இன்னொன்று காரிம்ப், சமதள மஞ்சரி. கொத்தைக் கவிழ்த்துப் பிடித்து, காம்புகள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று பாருங்கள். பாதிக் குழப்பம் போய்விடும்.

குடைக்கு நான் காட்டுவது கொத்தமல்லி. ரசத்துக்கு வாங்கும் கட்டு உதவாது, செடியைப் பூக்கும்வரை விட்டுவைக்க வேண்டும். தண்டின் நுனியில் ஒரே புள்ளியிலிருந்து சில கிளைகள் குடைக்கம்பி போலப் பிரியும். ஒவ்வொரு கம்பியின் முனையிலும் மறுபடி ஒரு குட்டிக்குடை இருப்பதால் இது கூட்டுக்குடை. ஓரத்துப் பூக்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெளிப்பக்கம் பார்த்த இதழ்கள் மட்டும் பெரிதாக நீண்டிருக்கும். நடுவில் உள்ள பூக்களுக்கு அந்த ஆடம்பரம் இல்லை. தூரத்தில் பறக்கும் பூச்சிக்கு மொத்தக் கொத்தும் ஒரே பூவாகத் தெரியும். சீரகம், சோம்பு, ஓமம், கேரட் எல்லாம் இதே குடும்பம். இப்போது ஏபியேசி என்கிறோம். பழைய பெயர் அம்பெல்லிஃபெரே. அஞ்சறைப்பெட்டியில் பல அறைகள் இந்தக் குடையின் கீழ்தான்!

வெங்காயப் பூவையும் குடைக்கு உதாரணமாகச் சொல்வதுண்டு. தொடக்கக்காரருக்கு அது வேண்டாம் என்பேன். குறுகிப்போன சிறு சைம்கள் (நடுப்பூ முதலில் மலரும் கொத்துகள்) நெருங்கி அமைந்த உருண்டை அது; பூக்கள் மலர்வதிலும் ஒழுங்கு தெரியாது.

சரி, மயில்கொன்றைக்கு வருவோம். இங்கே காம்புகள் ஒரே புள்ளியில் கூடுவதில்லை, தண்டில் வெவ்வேறு உயரத்தில் முளைக்கின்றன. கீழ்க்காம்பு நீளம், மேலே போகப்போகக் குட்டை. அதனால்தான் பூக்கள் ஒரே மட்டத்துக்கு வருகின்றன. காம்புகளையெல்லாம் சம நீளமாக நினைத்துப் பாருங்கள், சரக்கொன்றையின் சரம் போல ரெசீம், அதாவது தண்டு நெடுகப் பூக்கள் அமைந்த கொத்து ஆகிவிடும். இந்தச் சமதளமும் நிலைப்பதில்லை. நுனி வளர்ந்துகொண்டே போகும்; மேலே மொட்டு இருக்கும்போதே கீழே காய் தொங்கும்.

இரண்டிலும் ஓரத்துப் பூ முதலில் மலரும், நடுப்பகுதி பிறகு. இதை வைத்துத்தான் மூன்றாவது ஆளைப் பிடிக்க வேண்டும்: இட்லிப்பூ. கொத்து தட்டையாக இருப்பதைப் பார்த்ததும் பலர் காரிம்ப் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் அதன் கிளைகள் மும்மூன்றாகப் பிரியும். அந்த மூன்றில் நடுப்பூ முதலில் விரியும், பக்கத்துப் பூக்கள் அப்புறம்தான். ஆக அது சைம் வகை. எல்லாம் மலர்ந்த பிறகு பறித்தால் இந்த வரிசை தெரியாது. பாதி மொட்டும் பாதி பூவுமாக இருக்கும் கொத்தாகப் பார்த்துப் பறியுங்கள்.