காப்பர்-டியா, அந்தரா ஊசியா?

இரண்டுமே பெண்களுக்கான தற்காலிகக் கருத்தடை முறைகள், அரசு மருத்துவமனையில் இலவசம். காப்பர்-டி 380ஏ-வைக் கர்ப்பப்பைக்குள் ஒருமுறை பொருத்தினால் 10 ஆண்டு தாங்கும். ஹார்மோன் கிடையாது, செம்புதான் விந்தணுவை முடக்குகிறது. முதல் சில மாதம் உதிரப்போக்கும் வயிற்றுவலியும் கூடலாம். ரத்தசோகை இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அந்தரா ஹார்மோன் ஊசி, 3 மாதத்துக்கு ஒன்று. சினைமுட்டை வெளியாவதைத் தடுக்கும். மாதவிடாய் தாறுமாறாகும், சிலருக்கு நின்றேபோகும். ‘கெட்ட ரத்தம் உள்ளே தேங்குது’ என்று வீட்டில் பயமுறுத்துவார்கள். அப்படியில்லை, கர்ப்பப்பையின் உட்சவ்வு மெலிந்துவிடுவதால் வெளியேற ஒன்றும் இருப்பதில்லை.

ஓரிரு வருடத்தில் அடுத்த குழந்தை வேண்டுமென்றால் நான் காப்பர்-டி பக்கம்தான்: எடுத்ததுமே கருத்தரிக்கலாம். ஊசியை நிறுத்தியபின் பல மாதம் காத்திருக்க நேரிடும். பால்வினை நோயை இரண்டும் தடுக்காது, அதற்கு ஆணுறைதான்.