பூட்டு, சரக்கு, பீப்பாய்: ஓர் ஆங்கிலச் சொல்லட்டைப் பெட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பள்ளிப் பிள்ளைகளுக்காக விற்கிற ஆங்கில மரபுத்தொடர் அட்டைகள் இவை. 60 அட்டை, 180 ராண்ட். முன்பக்கம் ஆங்கிலத் தொடரும் அதற்கொரு படமும், பின்பக்கம் தமிழ்ப் பொருள். 'ஒன்றும் விடாமல்' என்ற கருத்தில் வரும் பழைய பேச்சுத் தொடர்கள் மட்டும் 12 இருக்கின்றன. கோளாறு அவற்றில்தான். பன்னிரண்டுக்கும் பின்னால் 'முழுமையாக' என்ற ஒரே சொல்.

'லாக், ஸ்டாக் அண்ட் பேரல்' அட்டையில் ஒரு தொங்குபூட்டு, நான்கு மூட்டை, ஒரு பீப்பாய். வரைந்தவர் அகராதியில் தனித்தனியாகப் பார்த்திருக்கிறார் போல! மூன்றும் ஒரே துப்பாக்கியின் உறுப்புகள்: சக்கிமுக்கிக் கல்லை அடித்துப் பொறி எழுப்பும் விசை, தோளில் அண்டக் கொடுக்கும் மரக்கட்டை, குழல். அதனால் கடையைச் சரக்கோடு விற்றார், வீட்டைத் தட்டுமுட்டுச் சாமானோடு காலி செய்தார் என்பதற்குச் சரியாக இருக்கும். வீடு கூட்டியதற்கு ஒட்டாது.

'ஹூக், லைன் அண்ட் சிங்கர்' இன்னும் மோசம். தூண்டில் முள், நரம்பு, ஈயக்குண்டு எல்லாவற்றையும் மீன் விழுங்கிவிட்டது என்பது படம். ஆக, நம்பி ஏமாந்தவனுக்கு மட்டுமே அது பொருந்தும். அட்டையோ 'வீட்டுப்பாடத்தை' அப்படி முடிக்கச் சொல்கிறது.

'ரூட் அண்ட் பிராஞ்ச்' ஒழிப்பதற்கும் அடியோடு மாற்றுவதற்கும் உரியது. திருச்சபையில் பிஷப்புகளின் ஆட்சியையே ஒழிக்கக் கேட்டு 1640இல் லண்டன்காரர்கள் கொடுத்த மனுவுக்கு அதுதான் பெயர். 'வேரோடும் வேரடி மண்ணோடும்' என்று நம்மிடம் அச்சு அசலாக இருக்க, 'முழுமையாக' எதற்கு? 'ஹாமர் அண்ட் டாங்ஸ்' (சுத்தியலும் குறடும்) மட்டும், பின்பக்கச் சொல்லைத் தவிர, தப்பித்தது. கொல்லுப்பட்டறைப் படமும் சரி, மூர்க்கமான சண்டை என்ற எடுத்துக்காட்டும் சரி.

'தி ஹோல் நைன் யார்ட்ஸ்' (ஒன்பது கஜமும்) இரண்டாம் உலகப்போர் விமானத்தின் 9 கஜத் தோட்டாவாரிலிருந்து வந்ததாம். 1912இலேயே அமெரிக்காவின் கென்டக்கி மாநிலச் செய்தித்தாள் ஒன்றில் இதே தொடர் 'ஆறு கஜம்' என்று அச்சாகியிருக்கிறது. விமானக் கதை அங்கேயே விழுந்துவிடுகிறது. (நம் ஒன்பது கஜ மடிசாரிலிருந்து வந்தது என்ற கதையும் நிற்காது, ஆசை இருந்தாலும்.)

வாங்கிவிட்டவர்கள் 'முழுமையாக' என்பதை அடித்துவிட்டு, ஒவ்வொரு அட்டையிலும் அதனோடு சேரும் வினையைப் பென்சிலால் எழுதுங்கள்: விற்றான், நம்பினான், ஒழித்தான், மோதினான். இந்த ஊரில் தினமும் காதில் விழும் 'பூட்ஸ் அண்ட் ஆல்' (முழு மூச்சாக இறங்குவது) பெட்டியிலேயே இல்லை; அதற்கு ஒரு வெற்று அட்டை வெட்டிக்கொள்ளலாம். அட்டைக்கு மேல்பூச்சு கிடையாது. டர்பன் ஈரக்காற்றில் இரண்டே வாரத்தில் ஓரம் சுருளும், பிஸ்கட் டப்பாவில் மூடி வையுங்கள்.