ஹூட் வைத்த மஃப்ளர்: மூன்று பின்னல் வழிகளில் எது யாருக்கு?

இரண்டு வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 48 செ.மீ. வளர்ந்த பெண்ணுக்கு 55, 56 இருக்கும். உயரத்தைப் பார்த்தால் அந்தக் குழந்தை அம்மாவின் பாதியைக் கொஞ்சம் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். ஹூட் வைத்த மஃப்ளரைக் குரோஷாவில், அதாவது ஒற்றைக் கொக்கி ஊசிப் பின்னலில், பல அளவுகளில் பின்ன நினைக்கிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான். எல்லாவற்றையும் உயரத்துக்குத் தக்கபடி குறைத்தால் ஹூட் தலையில் ஏறாது. தலைக்குத் தக்கபடி குறைத்தாலோ மஃப்ளரின் நுனி குழந்தையின் முழங்காலுக்குக் கீழே தொங்கும்.

இதற்குப் பலரும் சொல்லும் குறுக்கு வழி, கண்ணி எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு ஊசியை மட்டும் மாற்றுவது. குழந்தைக்கு 5 மி.மீ., பெரியவருக்கு 6 மி.மீ. கணக்குப் போடும் வேலை மிச்சம் என்பதைத் தவிர இதில் எந்த லாபமும் எனக்குத் தெரியவில்லை. நூல் அதேதான் என்றால், பெரிய ஊசி கண்ணிகளைத் தளர்த்தித்தான் துணியை அகலமாக்குகிறது. காதை மூட வேண்டிய இடத்தில் காற்று புகும். சின்ன ஊசியில் துணி விறைத்து, கழுத்தில் மடங்காமல் நிற்கும். நூலுக்குப் பொருந்தும் ஊசியை ஒரு முறை முடிவு செய்துவிட்டு, கண்ணிகளையும் வரிசைகளையும் மட்டும் கூட்டிக் குறைப்பதே நல்லது. லேபிளில் 4 என்று போட்டிருக்கும் நடுத்தர நூலுக்கு 5.5 மி.மீ. ஊசி நன்றாகப் பொருந்தும். நம் நீலகிரியில், கேத்தியில் தயாராகும் போனி ஊசியே போதும். அமெரிக்க முறையில் ஹாஃப் டபுள் என்று சொல்லும் பின்னலை இந்த ஊசியில் போட்டால் 10 செ.மீ.க்கு ஏறக்குறைய 12 அல்லது 13 கண்ணி, 9 வரிசை வரும். உங்கள் கை இறுக்கம் வேறாக இருக்கும், அதனால் ஒரு மாதிரித் துண்டு பின்னி அளந்துவிடுங்கள். கீழே வரும் எண்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான்.

ஒரே நீளத் துண்டு

மஃப்ளரைப் பின்னி, நடுவில் மடித்து, மடிப்பிலிருந்து கீழ்நோக்கிப் பின்பக்க ஓரங்களை 32 செ.மீ. வரை சேர்த்துத் தைத்துவிட்டால் ஹூட் தயார். 190 செ.மீ. நீளம் பின்னியிருந்தால் பக்கத்துக்கு 63 செ.மீ. தொங்கும். புதிதாகக் கற்றவருக்கு இதைவிட எளிய வழி இல்லை. ஜடை போடுகிறவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு: தையல் பிடரியோடு நின்றுவிடுவதால், ஜடையை அதற்குக் கீழே வெளியே எடுத்து விட்டுக்கொள்ளலாம். உச்சியில் வரும் கூர்முனை பிடிக்கவில்லையென்றால், உள்பக்கம் திருப்பி அந்த மூலையைத் தட்டையாக்கிக் குறுக்கே ஒரு தையல் போடுங்கள்.

இதில் பின்னும் திசை முக்கியம். அகலவாக்கில் சின்னச் சின்ன வரிசையாகப் பின்னினால், போதும் என்று தோன்றும் நீளத்தில் நிறுத்தலாம். ஆனால் கண்ணியின் மேலே தெரியும் இரண்டு இழைகளில் பின் இழையில் மட்டும் குத்தி வரிவரியாக வரும் பின்னல் போடும்போது, துணி அந்த வரிகளுக்குக் குறுக்காகத்தான் இழுபடும். அகலவாக்கில் பின்னிய மஃப்ளர், தொங்கும் எடையால் நீளத்தில் இழுபட்டு, சில வாரங்களில் ஹூட் கண்ணை மறைக்கத் தொடங்கிவிடும். நீளவாக்கில் பின்னினால் இந்தத் தொல்லை இல்லை. அதற்கு 240 சங்கிலி அளவில் தொடங்க வேண்டும், நீளத்தைப் பிறகு மாற்றவும் முடியாது. அப்படி இருந்தும் நான் நீளவாக்கைத்தான் சொல்வேன்.

இந்த வழியின் பெரிய குறை, மஃப்ளரின் அகலமும் ஹூட்டின் ஆழமும் (முகத்தின் ஓரத்திலிருந்து பின்னந்தலை வரை உள்ள அளவு) ஒன்றாகவே இருந்தாக வேண்டும் என்பது. பெரியவருக்கு 24 செ.மீ. என்றால் சரி, கழுத்தில் இதமாகவே இருக்கும். குழந்தைக்கு எவ்வளவு குறைத்தாலும் 18க்குக் கீழே போக முடியாது. அத்தனை அகலத் துணி அந்தச் சின்னக் கழுத்தில் சேர்ந்தால், தாடைக்குக் கீழே பொதி மாதிரி நிற்கும். பெரியவர்களுக்கு மட்டும் இந்த வழி.

தனி ஹூட், தனி மஃப்ளர்

இரண்டையும் வெவ்வேறாகப் பின்னி, ஹூட்டின் கழுத்து ஓரத்தில் மஃப்ளரின் நடுப்பகுதியை வைத்துத் தைப்பது. அகலம், ஆழம், நீளம் மூன்றையும் இஷ்டப்படி வைக்கலாம். கம்பளி பட்டால் நெற்றி அரிக்கிறவர்களுக்கு ஹூட்டை மட்டும் மென்மையான அக்ரிலிக்கில் பின்னித் தரலாம். ஆனால் மஃப்ளரின் எடை முழுவதும் அந்த ஒரு தையலில்தான் தொங்குகிறது. குழந்தைகள் இழுக்கும் இழுப்பில் முதலில் விட்டுப்போவதும் அதுதான்.

மஃப்ளரிலிருந்து எழும் ஹூட்

என் ஓட்டு இதற்குத்தான். முதலில் நீளவாக்கில் மஃப்ளர். பிறகு அதன் மேல் ஓரத்தில் நடுவில் இருக்கும் கண்ணிகளில் ஊசியைக் குத்தி, அங்கிருந்தே மேல்நோக்கி ஹூட்டைப் பின்னிக்கொண்டு போவது. கடைசியில் உச்சியில் மட்டும் ஒரு தையல். கழுத்தில் தையலே இல்லாததால் விட்டுப்போக எதுவும் இல்லை. பின்னந்தலையிலும் இல்லாததால் முடி உராய்வதும் குறைவு.

அளவு மாற்றுவதும் இதில்தான் சுலபம். பெரியவருக்கு 170 செ.மீ. நீளம், 16 செ.மீ. அகலம் என்றால் 212 கண்ணி, 14 வரிசை. பக்கத்துக்கு 76 கண்ணியை விட்டுவிட்டு நடுவில் உள்ள 60இல் 29 வரிசை ஏற்றினால், அது தலையைச் சுற்றி இரண்டாக மடியும்போது 24 செ.மீ. ஆழமும் 32 செ.மீ. உயரமும் உள்ள ஹூட் வரும். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு மஃப்ளர் 110 செ.மீ. நீளம், 11 செ.மீ. அகலம், ஹூட்டுக்கு 50 கண்ணி, 24 வரிசை. மஃப்ளர் எவ்வளவு சுருங்கியிருக்கிறது, ஹூட் எவ்வளவு குறைவாகச் சுருங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஒரே நீளத் துண்டில் இப்படி வைக்கவே முடியாது.

பிள்ளை வளர்ந்தால் உச்சித் தையலைப் பிரித்து இரண்டு வரிசை கூட்டித் திரும்பவும் தைக்கலாம். முகத்தைச் சுற்றி மூன்று வரிசை ஓரம் கட்டினால் ஆழத்திலும் 3 செ.மீ. கிடைக்கும். கொண்டை போடுகிறவர்களுக்கு ஆழம் கூட்டுவதும் இதே வழியில்தான். இரண்டு வயதில் 48 இருக்கும் தலை ஐந்து வயதில் 50, 51தான் ஆகிறது. அதனால் ஒரு ஹூட், பள்ளிக்கூடம் சேரும் வரைக்கும் வரும்.

சின்னக் குழந்தைக்கு மஃப்ளரே வேண்டாம்

இதை அழுத்தியே சொல்கிறேன். சறுக்குமரத்தில் ஏறி இறங்கும் வயதில் கழுத்திலிருந்து எதுவும் தொங்கக் கூடாது. குழந்தைகளின் மேலாடையில் ஹூட்டிலும் கழுத்திலும் இழுகயிறு வைக்க வேண்டாம் என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996இல் வழிகாட்டுதல் வெளியிட்டதற்குக் காரணமே, கயிறு விளையாட்டுச் சாதனங்களில் மாட்டிக் குழந்தைகள் இறந்ததுதான். கனடாவின் சுகாதாரத் துறையும் குழந்தைகளுக்கு மஃப்ளருக்குப் பதிலாகக் கழுத்தை மட்டும் மூடும் வளையத்தைத்தான் பரிந்துரைக்கிறது.

மூன்றாவது வழியை இதற்கு மாற்றுவது எளிது. நீளத் துண்டுக்குப் பதில் 62 கண்ணியில் ஒரு வளையம் பின்னுங்கள். 50 செ.மீ. வரும், தலை வழியாகப் போட்டுவிடலாம். அதில் முன்பக்கம் 16 கண்ணியை விட்டுவிட்டு, மீதி 46இல் 22 வரிசை ஹூட். பொத்தான், கயிறு, குஞ்சம் எதுவும் வேண்டாம். பொத்தான் கழன்றால் அது நேராக வாய்க்குத்தான் போகும்.

நூல்

ஊட்டியின் டிசம்பர், ஜனவரி உறைபனிக்கு அக்ரிலிக் போதும். மெஷினில் துவைக்கலாம், விலையும் குறைவு. சூடான இஸ்திரிப் பெட்டி மட்டும் படக் கூடாது, பட்டால் துணி தொய்ந்துவிடும், பிறகு பழைய நிலைக்கு வராது. டொராண்டோவில் இருக்கும் அக்கா பிள்ளைகளுக்கு என்றால் கதை வேறு. அங்கே குளிரோடு காற்றும் அடிக்கும், குரோஷா துணியோ ஓட்டை நிறைந்தது. ஈரமானாலும் சூடு தரும் கம்பளி நூலில் பின்னி, ஹூட்டுக்குள் ஃப்ளீஸ் துணி வைத்துத் தைத்து அனுப்புங்கள். அப்படி உள்துணி வைப்பதாக இருந்தால் ஹூட்டுக்கு இரண்டு கண்ணியும் ஒரு வரிசையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பெரியவர் அளவுக்கு 400 கிராம், ஆறேழு வயதுக்கு 200 கிராம் வாங்கினால் சரியாக இருக்கும். பிள்ளைக்குப் பின்னும்போது கூடவே 50 கிராம் உருண்டை ஒன்றையும் வாங்கி வையுங்கள், லேபிளில் லாட் எண், அதாவது ஒன்றாகச் சாயம் போட்ட தொகுதியின் எண், ஒன்றுதானா என்று பார்த்து. லாட் மாறினால் அதே நிற எண்ணிலும் சாயம் ஒரு சாயல் தள்ளிவிடும். பின்னாளில் ஹூட்டில் கூட்டும் அந்த இரண்டு வரிசை, நெற்றிக்கு நேர் மேலே தனியாகத் தெரியும்.