கம்ப்ரஷன் டெஸ்டா, லீக்டவுன் டெஸ்டா: பழைய கார்ல ஹெட்ட கழட்டுறதுக்கு முன்னாடி

வண்டி பழசு, நாலு சிலிண்டர் பெட்ரோல், கார்புரேட்டர் எஞ்சின். மேடு ஏறுறப்ப இழுவையே இல்ல, கூடவே டெம்பரேச்சர் முள்ளும் பாதிய தாண்டி மேல ஏறுது. ரெண்டும் ஒண்ணா வந்ததால பாத்தவங்க எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேல இருக்குற ஹெட்டுக்கும் நடுவுல உள்ள சீல்) போயிடுச்சு, ஹெட்ட கழட்டிருங்க. எனக்கு மனசு ஒப்பல. ஹெட்ட கழட்டுனா கேஸ்கெட்டோட முடியாது, ஃபேசிங், வால்வ் லேப்பிங், பழைய போல்ட் கையோட முறிஞ்சு வர்றதுன்னு வேலை இழுத்துட்டே போகும்.

முதல்ல கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காத்த எவ்வளவு அழுத்துதுன்னு பாக்குறது. இதப் பத்தி நிறைய சொல்ல வேண்டியதில்ல, கேஜ் ஒண்ணு இருந்தா போதும், யார் வேணா செய்யலாம். பிளக் நாலையும் கழட்டிட்டு, இக்னிஷன கட் பண்ணிட்டு, ஆக்ஸிலேட்டர முழுசா மிதிச்சு அஞ்சாறு சுத்து கிராங்க் பண்ணனும், பேட்டரி மட்டும் ஃபுல் சார்ஜ்ல இருக்கணும், ஏன்னா செல்ஃப் மெதுவா சுத்துனா நம்பர் எல்லாமே கம்மியாத்தான் காட்டும். எனக்கு வந்தது 162, 158, 118, 160 பிஎஸ்ஐ. மூணாவது சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு திரும்ப பாத்தேன், 121. ஆயில் விட்டு நல்லா ஏறியிருந்தா பிஸ்டன் ரிங்க சந்தேகப்படலாம், ஏறலன்னா வால்வா இருக்கலாம், கேஸ்கெட்டா இருக்கலாம். இங்கதான் இந்த டெஸ்ட் நம்மள நடுவழியில விட்டுடுது. பக்கத்து பக்கத்து சிலிண்டர் ரெண்டும் சேந்து விழுந்திருந்தா நடுவுல கேஸ்கெட் போயிருக்கும்னு ஓரளவு சொல்லலாம், எனக்கு விழுந்தது ஒண்ணுதான்.

அதனால லீக்டவுன், அதாவது பிளக் ஓட்டை வழியா சிலிண்டருக்குள்ள காத்து அடிச்சு அதுல எத்தனை சதவீதம் கசியுதுன்னு பாக்குறது. இதுக்கு ஏர் கம்ப்ரஸர் வேணும், ரெண்டு கேஜ் உள்ள டெஸ்டர் வேணும், பிஸ்டன கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்ல சரியா மேல கொண்டு வந்து நிறுத்தணும், கொஞ்சம் தள்ளி நின்னாலும் காத்து அடிச்ச உடனே கிராங்க் சுத்திடும், அதனால கிராங்க் போல்ட்ல ஸ்பேனர் மாட்டியிருக்கும்போது ஏர் திறக்கவே கூடாது, கை போயிடும். இவ்வளவு கஷ்டப்பட்டும் நான் இதத்தான் சொல்லுவேன், ஏன்னா காத்து எங்க வழியா ஓடுதுன்னு காதுலயே கேக்கலாம். கார்புரேட்டர்ல சீறுனா இன்டேக் வால்வ், சைலன்சர்ல சீறுனா எக்ஸாஸ்ட் வால்வ், ஆயில் ஊத்துற வாயில வந்தா ரிங் (அங்க லேசான சத்தம் நல்ல எஞ்சின்லயும் வரும்), ரேடியேட்டர் வாயில குமிழ் வந்தா கேஸ்கெட் இல்ல ஹெட்ல கிராக்.

மத்த மூணு சிலிண்டரும் 10 சதவீதத்த ஒட்டித்தான் இருந்துச்சு, மூணாவது 38. சைலன்சர்கிட்ட காத வெச்சா புஸ்ஸுன்னு தெளிவா கேக்குது. ரேடியேட்டர் மூடிய திறந்து வெச்சு ரொம்ப நேரம் பாத்தேன், ஒரு குமிழ் கூட வரல. வால்வ் கவர கழட்டி பாத்தா அந்த எக்ஸாஸ்ட் வால்வ்ல டேப்பட் கேப்பே (வால்வுக்கும் அத தள்ளுற பாகத்துக்கும் நடுவுல விடுற சின்ன இடைவெளி) இல்ல. வால்வ் மூடுறப்ப உக்கார்ற சீட் தேயத் தேய வால்வ் மேல ஏறும், கேப் கொறஞ்சுட்டே வரும், கடைசில வால்வ் முழுசா உக்காராது. வால்வோட சூடு முக்கியமா இறங்குறது சீட்டுல உக்காரும்போதுதான், அதனால அப்படியே விட்டா அது கருகிடும். டேப்பட் செட்டிங் பண்ணிட்டு திரும்ப கம்ப்ரஷன் பாத்தேன், 146.

அப்ப ஹீட்? அது தனி கதை. ரேடியேட்டர் மூடி பிரஷர் பிடிக்கல, தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் கூலன்ட ரேடியேட்டருக்கு திறந்து விடுறது) சுடுதண்ணில 90 டிகிரி தாண்டியும் வாய் திறக்கல, திறக்க வேண்டிய சூடு அதுமேல 82னு அச்சடிச்சிருக்கு. மூடிய சின்ன விஷயமா நினைக்காதீங்க, ஒவ்வொரு பிஎஸ்ஐ பிரஷருக்கும் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி ஏறும், 13 பிஎஸ்ஐ மூடி தன் வேலைய செய்யலன்னா அந்த இருபது டிகிரி போச்சு. ரெண்டையும் மாத்துனதுக்கு அப்பறம் முள்ளு நடுவுலயே நிக்குது.

ஒண்ணு சொல்லணும், சூட்டுல மட்டும் விரியிற மெல்லிய கிராக் லீக்டவுன்லயும் தப்பிக்கலாம், நான் எஞ்சின வெதுவெதுப்பா வெச்சுத்தான் செஞ்சேன். கூலன்ட் குறைஞ்சுட்டே இருக்கு, காலைல ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷத்துலயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகுதுன்னா நீல திரவம் வெச்சு பாக்குற கேஸ் டெஸ்டையும் போட்டுருங்க, எரிஞ்ச கேஸ் கூலன்ட்ல கலந்திருந்தா அது மஞ்சளா மாறிடும். டீசல் எஞ்சின்ல நான் இது எதையும் செஞ்சதில்ல, அங்க பிரஷரே ரெண்டு மூணு மடங்கு, கேஜும் வேற.

மூணாவது சிலிண்டர் இன்னும் மத்ததோட சமமா வரல, அந்த வால்வ் ஓரம் கொஞ்சம் கருகியிருக்கும்னு நினைக்கிறேன். அடுத்த ஆயில் சேஞ்ச்ல லீக்டவுன் திரும்ப போடணும், அப்பவும் 20க்கு மேல காட்டுனா ஹெட்ட கழட்டிடுவேன்.