ஆஸ்கர் பெட்டிஃபோர்ட்: மூவர் குழுவா, முழு இசைக்குழுவா?

ஆஸ்கர் பெட்டிஃபோர்ட் என்ற ஜாஸ் பேஸ் (ஆழ்ந்த ஒலி தரும் பெரிய தந்திக் கருவி) கலைஞரைத் தேடிப் போகிறவர், பெரும்பாலும் வேறொருவர் பெயர் பெரிதாக அச்சிடப்பட்ட இசைத்தட்டில்தான் அவரைக் கண்டெடுக்க நேர்கிறது. 1922 செப்டம்பர் 30 அன்று ஓக்லஹோமா மாநிலத்தின் ஓக்மல்கீ என்ற ஊரில் பிறந்து, தந்தை நடத்திய குடும்ப இசைக்குழுவில் வாசித்து வளர்ந்து, 1960 செப்டம்பர் 8 அன்று கோபன்ஹேகனில் 38 வயது நிறைவதற்குள் மறைந்த அவர், அந்தக் குறுகிய காலத்தில் சாக்ஸபோன் கலைஞர்கள் கோல்மன் ஹாக்கின்ஸ், சோனி ராலின்ஸ், பியானோ கலைஞர்கள் டியூக் எலிங்டன், தெலோனியஸ் மங்க் எனப் பலருடைய ஒலிப்பதிவுகளுக்கு அடித்தளமாக இருந்தார். தம் பெயரில் வெளியிட்டவையோ எண்ணிக்கையில் குறைவு. பல காலம் கடைகளில் கிடைக்காமலும் போனவை. ஆகவே அவரைப் புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் முன் இரண்டு வழிகள் நிற்கின்றன. ஒன்று, மூன்று பேர் மட்டுமே வாசிக்கும் சிறு குழுக்களில் பேஸ் கலைஞராக அவர் விட்டுச் சென்ற பதிவுகள். மற்றொன்று, 1956, 1957 ஆண்டுகளில் ஏபிசி பாரமவுண்ட் நிறுவனத்துக்காகத் தாமே திரட்டி நடத்திய பெரிய இசைக்குழுவின் பதிவுகள். விமர்சகர்களும் பேஸ் பயிலும் மாணவர்களும் பெரும்பாலும் முதல் வழியையே பரிந்துரைக்கிறார்கள். அந்தப் பரிந்துரையின் நியாயத்தை ஏற்றுக்கொண்டே, இரண்டாவது வழியின் பக்கம் நின்று பேசுவதே இந்த அலசலின் நோக்கம்.

இரண்டு வழிகளுக்கும் தொடக்கப் புள்ளி ஒன்றுதான். 1943 டிசம்பரில் சிக்னேச்சர் நிறுவனத்துக்காக ஹாக்கின்ஸ் நால்வர் குழுவாகப் பதிவு செய்த 'தி மேன் ஐ லவ்' என்ற பாடலில், எடி ஹேவுட் பியானோவும் ஷெல்லி மேன் டிரம்ஸும் வாசிக்க, 21 வயது பெட்டிஃபோர்டுக்கு ஒரு முழுச் சுற்று தனி வாசிப்பு கிடைத்தது. மின் ஒலிபெருக்கியின் துணையின்றி, விலங்கு நரம்பாலான தந்திகளை வலக்கை விரலால் இழுத்து, ஒரு பாடகர் அடிக்கு அடி மூச்சு வாங்குவதைப் போலத் தொடர்களைப் பிரித்து அவர் வாசிக்கிறார். ஒவ்வொரு தொடருக்கும் முன் அவர் மூச்சை உள்ளிழுக்கும் ஓசையும் தட்டில் தெளிவாகப் பதிந்திருக்கிறது. பேஸ் என்பது தாளத்தையும் சுரத்தின் அடியையும் தாங்கும் கருவி மட்டுமல்ல, மெட்டைச் சொல்லக்கூடிய கருவியும் ஆகும் என்பதை எலிங்டன் குழுவிலிருந்த ஜிம்மி பிளாண்டன் 1939 முதல் 1941 வரை நிறுவிக் காட்டி, 1942-ல் 23 வயதில் மறைந்திருந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் பெட்டிஃபோர்ட் என்பதற்கு இந்த ஒரு பதிவே போதுமான சான்று.

அடுத்து வந்த ஆண்டுகளைச் சற்று விரைவாகவே கடக்க வேண்டியிருக்கிறது. 1944-ன் தொடக்கத்தில் நியூயார்க் 52-வது தெருவிலிருந்த ஆனிக்ஸ் கிளப்பில் ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் பெட்டிஃபோர்டும் சேர்ந்து நடத்திய குழுவே அந்தத் தெருவில் அமைந்த முதல் பீபாப் (அன்று புதிதாக எழுந்த வேகமான, நவீன ஜாஸ் பாணி) குழு என்று வரலாறு எழுதுபவர்கள் கருதுகிறார்கள். அந்தக் குழு அதே வடிவத்தில் பதிவாகவில்லை என்பது ஜாஸ் ரசிகர்களுக்குப் பேரிழப்பு. ஆயினும் அதே ஆண்டு பிப்ரவரியில் ஹாக்கின்ஸ் தலைமையில் அப்போலோ நிறுவனத்துக்காகப் பதிவான 'வுடி'ன் யூ' பாடலில் கில்லெஸ்பி, பெட்டிஃபோர்ட், டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச் மூவரும் இருக்கிறார்கள் என்பதால், அந்த இழப்பின் ஒரு பகுதியேனும் ஈடாகிறது. 1945-ன் பிற்பகுதி முதல் 1948 வரை எலிங்டன் குழுவில் அவர் இருந்த காலத்தைத் தனியொரு தெரிவாக நான் முன்வைக்கப் போவதில்லை. அங்கே அவர் ஒரு பெரும் இயந்திரத்தின் உறுப்பாகவே இருந்தார். ஆனால் பல நிறக் கருவிகளை ஒன்றாகக் கலப்பது எப்படி என்பதை அங்கேதான் அருகிலிருந்து கேட்டிருக்க வேண்டும். அதன் விளைவு பத்து ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது.

மூவர் குழுப் பதிவுகளின் பலம் எளிதில் விளங்கக்கூடியது. கருவிகள் குறைவாக இருப்பதால் பேஸின் ஒவ்வொரு சுரமும் காதில் விழுகிறது. 1955 ஜூலையில் ரிவர்சைடு நிறுவனத்துக்காக மங்க் பதிவு செய்த, எலிங்டனின் பாடல்கள் மட்டுமே கொண்ட ஆல்பத்தில் கென்னி கிளார்க் டிரம்ஸ் வாசிக்க, அந்தப் பாடல்களை எலிங்டன் குழுவுக்குள்ளிருந்தே வாசித்துப் பழகிய பெட்டிஃபோர்ட் பேஸ் வாசித்தார். மங்க் ஒவ்வொரு மெட்டையும் இடையிடையே விட்டு விட்டு, தேவையான சுரங்களை மட்டும் வைத்து வாசிக்கும்போது, விடப்பட்ட இடங்களில் பாடல் தளர்ந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பது பெட்டிஃபோர்டின் நடைதான். 1958-ல் ராலின்ஸும் மேக்ஸ் ரோச்சும் அவரும் சேர்ந்து பதிவு செய்த 'ஃப்ரீடம் சூட்' இதைவிடக் கடினமான சோதனை. பியானோ இல்லை, 19 நிமிடங்களுக்கும் மேல் நீளும் ஒரே படைப்பு ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்புகிறது. சுரச் சேர்க்கை என்று அங்கே கேட்பது எல்லாம் சாக்ஸபோனின் ஒற்றை வரியும் பேஸின் ஒற்றை வரியும் ஒன்றையொன்று சந்திப்பதால் பிறப்பவை. அந்த நீளத்தில் ஒருமுறைகூடத் தடுமாறாமல், தேவைக்கு மேல் ஒரு சுரமும் சேர்க்காமல் அவர் வாசித்திருப்பதை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை.

இருப்பினும் சிறு குழுப் பதிவுகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், மங்க்கையும் ராலின்ஸையும் தள்ளிவைத்துவிட்டு லக்கி தாம்ப்ஸனுடன் 1956 ஜனவரியில் வாசித்த 'ட்ரைகாட்டிசம்' பாடலையே எடுப்பேன். டெனர் சாக்ஸபோனில் தாம்ப்ஸன், கிதாரில் ஸ்கீட்டர் பெஸ்ட், பேஸில் பெட்டிஃபோர்ட். பியானோவும் இல்லை, டிரம்ஸும் இல்லை. மெட்டு பெட்டிஃபோர்ட் இயற்றியது. துள்ளலும் நெளிவும் நிறைந்த அந்த மெட்டு பேஸில் விரல் வைப்பவருக்கு இன்றும் ஒரு தேர்வாக இருந்துவருகிறது. ரே பிரவுன் போன்ற பெரும் கலைஞர்கள் பின்னாளில் அதைத் தங்கள் குழுக்களில் எடுத்து வாசித்தார்கள். டிரம்ஸ் இல்லாத குறை எங்கும் தெரியாத அளவுக்குப் பெட்டிஃபோர்டின் தாளம் உறுதியானது. அதைவிட முக்கியமாக, இயற்றியவரின் சிந்தனையும் வாசிப்பவரின் விரலும் ஒன்றாக இயங்குவதை இங்கேதான் மிகத் தெளிவாகக் கேட்க முடிகிறது. பேஸ் கலைஞர் என்ற ஒரு கோணத்திலிருந்து மட்டும் பார்த்தால், மூவர் குழுக்களின் பக்கமே தீர்ப்பு சாயும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பெட்டிஃபோர்டோ தம்மைப் பேஸ் கலைஞராக மட்டும் கருதவில்லை. 1956 ஜூனில் அவர் திரட்டிய இசைக்குழுவின் அமைப்பே அதைச் சொல்லும். அதில் ஆர்ட் ஃபார்மர், எர்னி ராயல் ஆகியோரின் ட்ரம்பெட்டுகளும், ஜிம்மி கிளீவ்லேண்டின் டிராம்போனும், ஜிஜி கிரைஸ், லக்கி தாம்ப்ஸன், ஜெரோம் ரிச்சர்ட்ஸன் ஆகியோரின் சாக்ஸபோன்களும் இருந்தன. அவற்றுடன் ஜூலியஸ் வாட்கின்ஸும் டேவிட் ஆம்ராமும் வாசித்த இரண்டு பிரெஞ்சு ஹார்ன்களும், ஜேனட் புட்னம் மீட்டிய ஒரு ஹார்ப்பும் (யாழ் போன்ற கருவி), பெட்டிஃபோர்ட் தாமே மீட்டிய செல்லோவும் சேர்ந்தன. ஜாஸ் இசைக்குழுவில் ஹார்ப் என்றால் மென்மைக்காகத் தூவப்பட்ட அலங்காரம் என்று எண்ணத் தோன்றும். பெட்டிஃபோர்டின் குழுவில் அதன் பணி வேறு. பேஸ், செல்லோ, ஹார்ப் மூன்றும் விரலால் மீட்டப்படும் தந்திக் கருவிகள். மூன்றும் மூன்று உயரங்களில் ஒரே வகை ஒலியை எழுப்புகின்றன. தம் விரல் எழுப்பும் ஒலியைக் குழுவின் அடியிலிருந்து உச்சிவரை நீட்டிக்கொள்ளும் ஏற்பாடாகவே இதை நான் கேட்கிறேன். அதேபோல் பிரெஞ்சு ஹார்ன்கள் ட்ரம்பெட்டின் கூர்மைக்கும் டிராம்போனின் கனத்துக்கும் இடையிலுள்ள வெளியை மூடி, காற்றுக் கருவிகளின் ஒலியை வட்டமாக்குகின்றன. வயலின்கள் இல்லாமலேயே இந்தக் குழுவுக்கு ஒரு வெதுவெதுப்பான இழைவு கிடைத்தது அதனால்தான்.

இசை அமைத்தவர்கள் பெரும்பாலும் கிரைஸும் தாம்ப்ஸனும். இரண்டாம் தொகுதியில் பெனி கால்சனும் சேர்ந்தார். தாம்ப்ஸன் எழுதிய 'டீப் பேஷன்' பாடலில் அவரது டெனர் மெல்ல விரியும்போது பின்னால் எழும் ஹார்ன்களின் அடர்த்தியை, அந்தக் காலத்து வேறு எந்தப் பெரிய குழுவிலும் நான் கேட்டதில்லை. கிரைஸின் 'நிகாஸ் டெம்போ' இதற்கு நேர்மாறானது. வேகமும் இடைவெளியும் கொண்டது. பெட்டிஃபோர்ட் தாமே இயற்றிய 'தி பெண்டுலம் அட் ஃபால்கன்ஸ் லேர்' இந்தக் குழுவுக்கு வருவதற்கு முன்பே, 1953 டிசம்பரில் டெபியூ நிறுவனத்துக்காகச் சிறு குழுவில் பதிவானது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஐந்தாறு பேருக்காக எழுந்த ஒரு மெட்டு பெரிய குழுவில் எப்படி உடல் பெறுகிறது என்பது விளங்கும். 1957 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பதிவான இரண்டாம் தொகுதியில் ஹார்ப் பெட்டி கிளாமனின் கைக்கு மாறுகிறது. 1956-ல் விபத்தில் மறைந்த ட்ரம்பெட் கலைஞர் கிளிஃபோர்ட் பிரவுனுக்காகக் கால்சன் எழுதிய இரங்கற்பாடலும், ராண்டி வெஸ்டனின் 'லிட்டில் நைல்ஸ்' பாடலும் அதில் உண்டு. இரண்டில் முதல் தொகுதியே எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது. இரண்டாவது நேர்த்தி மிக்கது, ஆனால் முதலாவதில் இருக்கும் துணிச்சல் அதில் சற்றுத் தணிந்திருக்கிறது.

இந்தப் பதிவுகளின் குறைகளையும் சொல்லாமல் விடக்கூடாது. பெரும்பாலான பாடல்கள் மூன்று, நான்கு நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகின்றன. மனோதர்மத்துக்கு இடம் கொடுக்க வேண்டிய ஃபார்மர், தாம்ப்ஸன் போன்றவர்கள் வாய் திறந்த சிறிது நேரத்திலேயே குழு மீண்டும் வந்து மூடிக்கொள்கிறது. பேஸின் குரலைத் தேடி வந்தவருக்கு அது ஹார்ன்களின் அடியில் புதைந்திருப்பதாகவும் தோன்றலாம். இவ்வளவு கலைஞர்களைத் தொடர்ந்து வைத்துக் காப்பாற்றும் அளவுக்கு வருமானமும் இல்லாததால், பேர்ட்லேண்ட் கிளப் போன்ற இடங்களில் சில காலம் வாசித்ததோடு அந்தக் குழு கலைந்தது. வாரக்கணக்கில் மேடையில் வாசித்துப் பழுத்த பிறகு அதே பாடல்களைப் பதிவு செய்திருந்தால் அவை இன்னும் தளர்வோடும் நீளத்தோடும் அமைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இந்த இரு துருவங்களுக்கு நடுவில் ஒரு சமரசத் தெரிவும் இருக்கிறது. 1955 ஆகஸ்டில் பெத்லஹேம் நிறுவனத்துக்காகப் பதிவான 'அனதர் ஒன்' ஆல்பத்தில் டொனால்ட் பேர்ட், எர்னி ராயல், கிரைஸ், ரிச்சர்ட்ஸன், பாப் புரூக்மேயர் ஆகியோருடன் எட்டுப் பேர் கொண்ட குழுவை அவர் நடத்தினார். அப்போது கிரீனிச் வில்லேஜிலிருந்த கஃபே பொஹீமியாவில் இசைப் பொறுப்பாளராக இருந்த அவர், அந்த இடத்தின் பெயரால் இயற்றிய 'பொஹீமியா ஆஃப்டர் டார்க்' இந்த ஆல்பத்தில் இடம்பெறுகிறது. புளோரிடாவிலிருந்து வந்த சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி நியூயார்க்கில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டதும் அதே கோடையில் அதே மேடையில், பெட்டிஃபோர்டின் குழுவுடன் சேர்ந்து வாசித்தபோதுதான். இயற்றுபவர், தலைவர், பேஸ் கலைஞர் என மூவரையும் ஒரே தட்டில் கேட்க விரும்புபவருக்கு இதைத் தயக்கமின்றிக் கொடுக்கலாம். இருந்தும் எட்டுப் பேரின் எழுத்து பெரும்பாலும் அந்தக் காலத்து நல்ல குழுக்களின் பொது நடையிலேயே இருக்கிறது. பெட்டிஃபோர்டுக்கு மட்டுமே உரிய நிறம் அடுத்த ஆண்டில்தான் பிறந்தது.

செல்லோ பதிவுகளை ஒரு தனிக் கிளையாகவே வைக்க வேண்டும். 1949-ல் உட்டி ஹெர்மன் குழுவில் இருந்தபோது பந்து விளையாட்டில் கை முறிந்த அவர், பேஸ் வாசிக்க முடியாத நாட்களில் செல்லோவை எடுத்து, அதைப் பேஸுக்குரிய சுருதி வரிசையிலேயே ஒரு ஸ்தாயி மேலே வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். ஜாஸில் செல்லோவை மீட்டிப் பதிவு செய்தவர்களில் ஹாரி பபாசின் இவருக்கு முந்தியவர். ஆயினும் அந்தக் கருவிக்குப் பீபாப் மொழியைப் பழக்கியவர் பெட்டிஃபோர்டே. 1950 செப்டம்பரில் எலிங்டனும் பில்லி ஸ்டிரேஹார்னும் உடன் வாசிக்க மெர்சர் நிறுவனத்துக்காகச் செய்த பதிவுகளும், மேலே சொன்ன 1953 டெபியூ பதிவும் இந்தக் கிளையின் சிறந்த பகுதிகள். டெபியூ பதிவில் அவர் செல்லோ வாசிக்க, பின்னணியில் பேஸ் வாசிப்பவர் அந்த நிறுவனத்தின் உரிமையாளர்களில் ஒருவரான சார்ல்ஸ் மிங்கஸ். பின்னாளில் பேஸ் கலைஞராகவும் குழுத் தலைவராகவும் பெட்டிஃபோர்டைவிடப் பல மடங்கு புகழ்பெற்ற ஒருவர், இங்கே அவருக்காக அடித்தளம் போட்டுக் கொடுக்கிறார். செல்லோவின் ஒலி மெல்லியது, நீடிக்காமல் விரைவில் அடங்குவது. ஒரு முழு ஆல்பம் அதை மட்டுமே கேட்டால் களைப்புத் தட்டும் என்பதால் இதை முதல் தெரிவாக வைக்க மனம் வரவில்லை.

1958-ல் ஒரு பயணக் குழுவுடன் ஐரோப்பா சென்ற பெட்டிஃபோர்ட் அங்கேயே தங்கிவிட்டார். 1960 ஏப்ரலில் ஜெர்மனியின் எஸ்ஸன் நகர விழாவில் பியானோ கலைஞர் பட் பவல், கென்னி கிளார்க், ஹாக்கின்ஸ் ஆகியோருடன் வாசித்த பதிவு ஓரளவு புகழ்பெற்றது. ஆனால் அது முதன்மையாகப் பவலின் இசை, அடுத்தபடியாக ஹாக்கின்ஸின் இசை. பெட்டிஃபோர்டின் கடைசி மாதங்களைக் கேட்க விரும்புபவர் கோபன்ஹேகனில் ஸ்காண்டிநேவிய இளைஞர்களுடன் செய்த பதிவுகளைத் தேடுவதே நல்லது. ஸ்வீடனைச் சேர்ந்த யான் யொஹான்ஸன் பியானோவில் அளந்து அளந்து வைக்கும் சுரங்களுக்கும் பெட்டிஃபோர்டின் அழுத்தமான நடைக்கும் எதிர்பாராத பொருத்தம் இருக்கிறது. 'ப்ளூஸ் இன் தி க்ளோசெட்' போன்ற தம் பழைய மெட்டுகளை அவர் அங்கே மீண்டும் அவசரமின்றி எடுத்து விரிக்கிறார்.

என் தெரிவு 1956 ஜூன் இசைக்குழுப் பதிவே. மூவர் குழுக்களில் கேட்கும் பேஸ் வாசிப்பு உயர்ந்ததுதான் என்றாலும், அங்கே அவர் மற்றவர்களின் சிந்தனைக்கு மிகச் சிறந்த துணை. ராலின்ஸின் படைப்பில் அவர் இல்லாவிட்டாலும் அது ராலின்ஸின் படைப்பாகவே இருந்திருக்கும். இரண்டு ஹார்ன்களும் ஒரு ஹார்ப்பும் மீட்டப்படும் செல்லோவும் சேர்ந்த அந்த ஒலியோ, பெட்டிஃபோர்ட் இல்லாவிட்டால் உலகில் இருந்தே இருக்காது. ஏபிசி நிறுவனத்தின் இரு தொகுதிகளையும் சேர்த்து இம்பல்ஸ் முத்திரையில் 1994-ல் 'டீப் பேஷன்' என்ற பெயரில் ஒரே குறுந்தட்டாக வெளியிட்டார்கள். அது கிடைத்தால் தனித்தனியாகத் தேட வேண்டியதில்லை. அதைக் கேட்கும்போது முதல் முறை ஹார்ன்களையும் சாக்ஸபோன்களையும் பின்தொடரலாம். இரண்டாம் முறை, அவற்றின் அடியில் ஓடும் பேஸின் வரியை மட்டும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பாடலையும் இறுதிவரை தொடர்வது, ட்ரைகாட்டிசத்தின் மெட்டை முன்பே காதில் ஏற்றிக்கொண்டவர்களுக்கு இன்னும் எளிதாக இருக்கும்.