பேட்டரி பொருந்துகிறது, மை பொருந்தவில்லை

"அண்ணே, உங்ககிட்ட இருக்கிற அதே பிரிண்டர் விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா?" என்று மொரீஷியஸில் நம்ம காத்ர் போர்ன் ஊர்த் தம்பி ஒருவர் கேட்டார்.

படம் அருமையாக வரும். தைப்பூசத்தில் கோர் த கார்த் மலைக் கோவிலில் எடுத்த காவடிப் படங்களை இதில்தான் அடித்துக் கொடுக்கிறேன். காவடிப் பூக்களின் நிறம் மங்காது, வெயிலில் கறுத்த முகம் கறுப்பாக அப்பிக்கொள்ளாது. பேப்பரும் சிக்காது.

வயிற்றெரிச்சல் எல்லாம் மை அடைத்த கார்ட்ரிட்ஜில்தான். பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலிருந்து வந்த மச்சான் அங்கேயே ஒன்று வாங்கி வந்தார். அதே கம்பெனி, அசல் சரக்கு, பெட்டியில் அதே எண். உள்ளே வைத்தால் 'டக்'கென்று உட்காருகிறது. ஆனால் பிரிண்டர் ஏற்க மறுக்கிறது. கார்ட்ரிட்ஜில் இருக்கும் சிப்பில் எந்த வட்டாரத்துக்கு உரியது என்று பதிந்திருக்கிறதாம். அது ஐரோப்பாவுக்கு, நம்முடையது வேறு வட்டாரம். விமானத்தில் முக்கால் மணி நேரத் தூரம்தான்! காசு கொடுத்து வாங்கிய மை கண்ணெதிரே இருக்கிறது, ஒரு படம்கூட அடிக்க முடியவில்லை. இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

என் கேமராவைப் பாருங்கள். 2008-இல் 5டி மார்க் 2 கேமராவோடு கேனன் எல்பி-இ6 பேட்டரியைக் கொண்டுவந்தது. அப்புறம் 7டி, 60டி, 70டி, 80டி என்று அதே குடும்பப் பேட்டரிதான். 2020-இல் வந்த ஆர்6-இலும் அந்தப் பழையது போகும். கொள்ளளவு 1800 மில்லி ஆம்பியர் மணியிலிருந்து 2130 ஆனது, உருவம் மாறவில்லை. பழையதைப் போட்டால் தொடர்ந்து எடுக்கும் வேகம் குறையும், கேமராவுக்குள்ளேயே யூஎஸ்பியில் சார்ஜ் ஏறாது. சரி, படம் எடுக்கிறதே! காவடி மலையேறும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு பேட்டரி கடன் வாங்கலாம். சின்னக் கேமராக்களில் இந்த வசதி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்: 700டி-க்கு எல்பி-இ8, 750டி-க்கு எல்பி-இ17, ஒன்று மற்றதில் போகாது.

தம்பி, வாங்காதீர்கள். அந்த நிறத்துக்காக நான் என்னுடையதை விடப்போவதில்லை, ஆனால் நீங்கள் வாங்காதீர்கள். மை ஊற்றும் டேங்க் பிரிண்டராகப் பாருங்கள்.

மச்சான் கொண்டுவந்த கார்ட்ரிட்ஜ் பிரித்தபடியே இருக்கிறது. ரீயூனியனில் வாங்கிய இதே பிரிண்டர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், காசு வேண்டாம், கொடுத்தனுப்புகிறேன்.